தங்கச் சிறகும் இரண்டாவது பிரேக்கும்

மைக் மச்சானுக்கு வெளிநாட்டில் விருது என்று செய்தி வந்தபோது, தொற்றுநோய் இன்னும் வேறு யாருடைய நாட்டிலோ இருந்தது. டிவியில் விளையாட்டுச் செய்திக்கும் வானிலைக்கும் நடுவில் அதற்கு ஒரு மூச்சு இடம் கொடுத்திருந்தார்கள். விருதுக்கு அதைவிட அதிக இடம் தேவைப்பட்டது.

அவருக்கு மைக் என்று பெயர் வைத்தது தெரு. குடிநீர் வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே மைக்கைக் கண்டாலும் தொண்டையைச் செருமுவார். கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா, பழைய பேப்பர்காரரின் ஒலிபெருக்கி, எதுவானாலும் சரி. ஒரு சாவு வீட்டில், மைக் செட்டுக்காரர் சத்தம் சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கையிலிருந்து வாங்கி, இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தையும் தன்னைப் பற்றி நாற்பது வார்த்தையும் பேசியவர்.

விருது கொடுப்பது அகில உலகப் பல்துறைச் சாதனையாளர் பேரவை. எந்தத் துறையில் சாதித்தீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. துறைகளின் பட்டியலை அனுப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மச்சான் ‘சமூக மேம்பாடு, பொது’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு ‘மாமணி’ என்ற பட்டமும் ஒரு கேடயமும் உண்டு. பதிவுக் கட்டணம் தனி. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. விருதாளர்கள் தங்களுக்கான பார்வையாளர்களைத் தாங்களே அழைத்து வர வேண்டும். கைதட்டலுக்குப் பேரவை பொறுப்பேற்காது.

ஆகவே கைதட்ட ஆட்கள் வேண்டியிருந்தது. மச்சானின் மனைவி ஒருத்தர். தங்கை ஒருத்தி. தங்கை புருஷன் ஒருத்தர்.

அந்தத் தங்கை புருஷன்தான் நம் மாஸ்டர். அதே கட்டடத்தின் கீழ் வீட்டில் குடியிருந்துகொண்டு, முன்னறையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். பள்ளி என்பது சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, குறுக்கே அறுத்து வைத்த பழைய கியர் பெட்டி ஒன்று, வாசலில் ஒரு சின்னக் கார். அந்தக் காரில் பயிற்சி வண்டிகளுக்கே உரிய இரண்டாவது பிரேக் இருந்தது. மாணவன் ஓட்டுவான், மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் அந்தப் பெடலின்மேல் பாதத்தை மிதக்க விட்டிருப்பார். இருபது வருடமாக மிதந்த பாதம், இப்போது காரில் இல்லாதபோதும் அடங்குவதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் சரி, சினிமாவில் கதாநாயகன் மலைமேல் வண்டி ஓட்டினாலும் சரி, ஆபத்து தெரிந்தால் அவர் கால் தானாகத் தரையை ஓங்கி மிதிக்கும்.

டிக்கெட் போட்ட அன்றைக்கும் மிதித்தது.

“என் கார்டு உள்நாட்டுக் கார்டு மாப்ள, கடல் தாண்டாது” என்றார் மச்சான். “இப்போதைக்கு உங்க கார்டுல போடுங்க. போயிட்டு வந்ததும் கணக்கு பாத்துக்கலாம்.”

“நாலு பேருக்குமா மச்சான்?”

“ஒருத்தனுக்கு மட்டும் போட்டா யாரு கைதட்டுறது?”

தரை அதிர்ந்தது. மாஸ்டரின் மனைவி புருஷனின் காலைப் பார்த்தாள், அண்ணனின் முகத்தைப் பார்த்தாள், டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பணம் மாஸ்டருடைய கார்டிலிருந்து போயிற்று. டிக்கெட் மச்சான் பேரில், மச்சானின் மெயிலுக்கு, மச்சானின் போன் நம்பருக்கு வந்தது. விருதாளர் என்று ஒருவர் இருக்கும்போது டிரைவிங் மாஸ்டர் பேரிலா பதிவு செய்வது.

பிறகு நோய் விளையாட்டுச் செய்தியைத் தாண்டி மேலே வந்தது. அதன்பிறகு விளையாட்டே இல்லை. கடைகள் மூடின, பஸ் நின்றது, விமான நிலையமும் மூடியது. டிவியில் விமானங்களை வரிசையாக நிறுத்தி, எஞ்சின் வாயையெல்லாம் துணி கட்டி மூடியிருந்ததைக் காட்டினார்கள். அவையும் முகக்கவசம் போட்டுக்கொண்டதுபோல இருந்தது.

ஓட்டுநர் பயிற்சி என்பது முழங்கை முழங்கையில் இடிக்கக் கற்றுக்கொடுக்கும் தொழில். இரண்டு முழங்கை நீளம் தள்ளி நிற்கச் சொன்ன காலத்தில் அதற்கு ஒரு ஆள்கூட வரவில்லை. ஆனால் கார்டு கம்பெனிக்காரர்கள் மட்டும் தள்ளி நிற்கவில்லை. டிக்கெட் தவணைக்காகத் தினமும் போன் செய்து, முதலில் உடல்நலம் விசாரித்துவிட்டு, அப்புறம் உடல்நலத்தைக் கெடுத்தார்கள். வேறு வழியில்லாமல் மாஸ்டர் காரைக் கொண்டுபோய்ப் பழைய வண்டி வியாபாரியிடம் அடகு வைத்தார். வீட்டுக்குள்ளும் இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத காரணத்தால் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர்.

“உங்களுக்காக மாசக் கடைசி வரைக்கும் வெச்சிருப்பேன் மாஸ்டர்” என்றான் கண்ணாடி. “அதுக்கப்புறம் அந்த ரெண்டாவது பெடலைக் கழட்டிட்டுக் குடும்ப வண்டின்னு தள்ளிவிட்டுடுவேன். ரெண்டு பிரேக் இருக்கிற காரை எந்தக் குடும்பமும் வாங்காது. சண்டை வரும்.”

கார் இல்லாவிட்டால் பள்ளி இல்லை. தடை நீங்கிய பிறகும் அறுத்த கியர் பெட்டியை வைத்துக்கொண்டு யாருக்கும் ஓட்டக் கற்றுத்தர முடியாது. மாஸ்டர் இதை மச்சானிடம் சொல்லவில்லை. வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று சொல்லி வைத்தார். “உண்மையைச் சொன்னா அடுத்த மேடையில அதையும் பேசுவாரு” என்று மனைவியும் சொல்லிவிட்டாள். “தங்கை குடும்பத்தின் தியாகம்னு தலைப்பு வெப்பாரு.”

டிக்கெட் பணம் திரும்பி வந்தால் போதும், காரை மீட்டுவிடலாம். மாஸ்டர் தன் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் செய்தார். பயண ஏஜென்சியில் வேலை. ஓட்டுநர் தேர்வில் பலமுறை கவிழ்ந்து, கடைசியில் அதிகாரிக்கே அலுத்துப்போய்த் தேறியவன்.

“சார், ஃப்ளைட் எப்படியும் போகாது. ஆனா போகாதுன்னு அவங்க வாயால சொல்ல மாட்டாங்க” என்றான் அவன். “ஏன்னா அவங்க கேன்சல் பண்ணா முழுப் பணத்தையும் திருப்பித் தரணும். நீங்களா பயந்து கேன்சல் பண்ணா ஒண்ணும் தர வேண்டாம். வவுச்சர் வாங்கிக்கிறேன்னு சொன்னாலும் பணம் போச்சு. அதனால அவங்க சும்மா உக்காந்திருப்பாங்க. நீங்களும் சும்மா உக்காந்திருங்க.”

“எவ்வளவு நாளைக்குப்பா?”

“நீங்க எனக்குச் சொல்லிக்குடுத்ததுதான் சார். எதுத்தாப்புல ஒருத்தன் முறைச்சுக்கிட்டு வரான். யாரு முதல்ல பிரேக் போடுறாங்களோ அவங்க தோத்தாங்க.”

“நான் அப்படிச் சொல்லிக்குடுக்கவே இல்லையே.”

“அதனாலதான் சார் அத்தனை தடவை ஃபெயில் ஆனேன்.”

அன்றிலிருந்து விமானக் கம்பெனி தினம் ஒரு மெயில் அனுப்பியது. உங்கள் விமானம் குறித்த நேரத்தில் புறப்படும். உங்கள் பயணத் திட்டம் மாறியிருந்தால் இங்கே அழுத்தவும். ஓடுபாதையில் புல் முளைத்திருந்தது. விமானங்களின் வாயைக் கட்டியிருந்தது. ஆனால் குறித்த நேரத்தில் புறப்படும்.

அந்த ‘இங்கே’யை அழுத்தக்கூடிய விரல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மச்சானுடைய விரல்.

நல்லவேளையாக, முதல் சில வாரங்களுக்கு அந்த விரலுக்கு வேறு வேலை இருந்தது. ஏற்புரையில் எந்த இடத்தில் விரலை உயர்த்துவது என்று மச்சான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் போகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மாமணியை விட்டுவிட்டு ஒரு விமானம் எப்படிச் சும்மா இருக்கும்.

மாலையானால் ஜனங்கள் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வந்து, மருத்துவமனைகளில் உழைப்பவர்களுக்காகக் கைதட்டிக்கொண்டிருந்த காலம் அது. மச்சான் மேல்வீட்டுப் பால்கனியில் ஏற்புரை பேசிப் பார்ப்பதும் அதே நேரத்தில்தான். “இந்தத் தருணத்திலே” என்று தொடங்கி ஒருவழியாக முடித்து நிமிர்ந்தால், தெரு முழுக்கக் கைதட்டல். முதல் நாள் திடுக்கிட்டார். மறுநாள் தலைவணங்கினார். அதற்கடுத்த நாள் உரையைச் சரியாகக் கைதட்டலில் கொண்டுவந்து முடிக்கப் பழகிவிட்டார். எதிர்வீட்டு நர்ஸ், உண்மையில் யாருக்காகத் தட்டினார்களோ அதே நர்ஸ், வேலை முடிந்து தெருவில் வரும்போது அண்ணாந்து பார்த்து, தானும் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

கீழே மாஸ்டர் நிம்மதியாக டீ குடித்தார். ஏற்புரை இருக்கும்வரை ரத்து இல்லை.

அப்போதுதான் பேரவையிடமிருந்து செய்தி வந்தது. அகில உலகமும் வீட்டுக்குள் இருப்பதால் விழா இணையத்தில் நடக்கும். விருதாளர்கள் மைக்கை அணைத்து வைத்திருக்கவும். கேடயம் கூரியரில் வரும்.

அன்று மாலை தெரு கைதட்டியது. பால்கனியில் யாரும் இல்லை.

மாஸ்டரின் மனைவி மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “சாப்பிட மாட்டேங்கிறாராம். மைக்கை அணைச்சு வைங்கன்னா என்ன அர்த்தம்னு கேட்டுக்கிட்டே இருக்காராம். அண்ணி சந்தோஷத்தை மறைக்க ரொம்பக் கஷ்டப்படுறாங்க.”

மறுநாள் காலையில் மாடிப்படி தடதடத்தது. மச்சான் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். குரலுக்கு முன்னால் எதுவும் தொங்கக்கூடாது என்பது அவர் கொள்கை. முகத்தில் நேற்றைய துக்கத்தின் சுவடே இல்லை.

“மாப்ள, படிங்க இதை. சத்தமா படிங்க.”

விமானக் கம்பெனியின் மெயில். மாஸ்டர் படித்தார். மதிப்பிற்குரிய விருந்தினரே, உங்கள் டிக்கெட் தொகையை வவுச்சராக ஏற்றுக்கொண்டால் உங்களை எங்கள் தங்கச் சிறகு உறுப்பினராக உயர்த்துவோம். தனி வரிசை. தனி ஓய்வறை. உங்கள் பெயர் பொறித்த தங்க நிற அட்டை.

“விருந்தினர்னு போட்டிருக்கான் பாத்தீங்களா? பயணின்னு சொல்லல” என்றார் மச்சான். “பேரவைக்காரனுக்குத் தெரியாத மரியாதை ஒரு விமானக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“மச்சான், இது வவுச்சர். பணம் வராது.”

“பணம் வரும், போகும் மாப்ள. தனி வரிசை வருமா?”

“விமானமே இல்லாதப்ப வரிசை எதுக்கு மச்சான்?”

“வரிசையே இல்லாதப்ப நமக்குத் தனியா ஒண்ணு இருக்குன்னா, அதுக்குப் பேருதான் கௌரவம்.”

மச்சான் போனை வாங்கி, ‘ஏற்கிறேன்’ என்று பச்சையாக மின்னிய இடத்துக்கு விரலைக் கொண்டுபோனார். மாஸ்டரின் கால் நாற்காலிக்கு அடியில் தரையை மிதித்தது. மறுபடியும் மிதித்தது. சுவரிலிருந்த சாலைக் குறியீட்டுப் படம் ஆடியது. விரல் நிற்கவில்லை. அந்தப் பெடலுக்கும் இந்த விரலுக்கும் எந்த இணைப்பும் கிடையாதே.

வாசல் பக்கமாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே கேட்டாள். “அட்டையில என்ன பேருண்ணே போடுவாங்க?”

விரல் நின்றது.

“என் பேருதான்.”

“டிக்கெட்ல இருக்கிற மாதிரியா? வெறும் பேரா?” ஒரு துண்டை உதறினாள். “இல்ல, சும்மா கேட்டேன். தங்க அட்டையில மொட்டையா இருந்தா யாரோன்னு நெனைப்பாங்களேன்னு.”

மச்சான் விரலை மடக்கினார். மொட்டைப் பேரோடு ஒரு தங்க அட்டை. அதை நினைத்துப் பார்க்கவே அவர் முகம் கசந்தது. “முதல்ல பேரைச் சரி பண்ணணும்” என்று சொல்லிவிட்டு விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு, ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் சொன்னது. தரத்தை உயர்த்துவதற்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்றும் சொன்னது. பதிவு என்ற சொல்லைக் கேட்டதும் மச்சான் தலையைக் கோதிக்கொண்டு செருமினார்.

பிறகு புல்லாங்குழல். முடிந்ததும் மீண்டும் அதே புல்லாங்குழல். நடுவில் சற்று நிற்கும்போதெல்லாம் மச்சான் “வணக்கம்” என்று சொல்ல, குழல் மறுபடி ஆரம்பித்தது. டீ ஆறி, மறுபடி சுட வைத்து, அதுவும் ஆறியது. கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள் என்பதற்குச் சாட்சியாகப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

“உங்க பேரைச் சொல்லுங்க சார்.”

மச்சான் சொன்னார். சமூகச் செம்மலில் புறப்பட்டு, குடிநீர்க் காவலர், நற்பணி நாயகர் ஆகிய நிறுத்தங்களில் நின்று, இன்னும் கைக்கு வராத மாமணியையும் ஏற்றிக்கொண்டு, கடைசியில் அப்பா வைத்த பெயரில் போய்ச் சேர்ந்தார்.

“சார், இதுல டிக்கெட்ல இருக்கிறது எது?”

“கடைசியில வந்தது.”

“அதை மட்டும் சொன்னாப் போதும் சார்.”

“அதை மட்டும் சொன்னா நான் யாருன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?”

அந்தப் பெண் மூச்சு விடுவது கேட்டது. “தங்கச் சிறகு அட்டையில இருபது எழுத்துக்கு மேல ஏறாது சார். மிஷின் அடிக்காது.”

“மாமணியை மட்டுமாவது போட முடியுமா?”

“பட்டம் போடணும்னா ஆதாரம் வேணும் சார்.”

“கேடயம் இருக்கும்மா.”

“போட்டோ எடுத்து அனுப்புங்க.”

“எங்கிட்ட இல்ல. கூரியர்ல அனுப்பிட்டாங்க. விசாரிச்சேன். உங்க விமானத்துலதான் சரக்கோட சரக்கா வருதாம். நாங்க போறதா இருக்கிற அதே விமானம் திரும்பி வரும்போது ஏத்திக்கிட்டு வருமாம். அது எப்ப இறங்கும்னு நீங்கதான் சொல்லணும்.”

“அது எப்படி சார் வரும்? அந்த ஃப்ளைட்டைத்தான் எடுத்துட்டாங்களே. இந்த சீசன் முழுக்க எதுவும் பறக்காது.”

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. மாஸ்டரின் கால் பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. வாசலில் உதறின துண்டு உதறினபடியே நின்றது.

மச்சான் முப்பத்தைந்து வருடம் அரசாங்க மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர். ஒரு வார்த்தை தவறி விழுந்தால் அது தரையைத் தொடுவதற்குள் பிடித்துவிடுவார்.

“எடுத்துட்டாங்கன்னா? ரத்து பண்ணிட்டாங்கன்னு எடுத்துக்கலாமா?”

“இல்ல சார், அறிவிப்பு இன்னும் வரல. நீங்க விரும்பினா நீங்களே கேன்சல்...”

“நான் ஏம்மா கேன்சல் பண்ணணும்? நான் போக ரெடியா இருக்கேன். என் கேடயம் வர ரெடியா இருக்கு. பறக்காதது நீங்க. அதை எழுத்துல குடுங்க.”

“எதுக்கு சார்?”

“மாமணி கேடயத்தை வாங்க ஆர்வம் காட்டலன்னு நாளைக்குப் பேரவை சொல்லிடக்கூடாது. விமானம் ரத்து, அதனாலதான் தாமதம்னு ஒரு கடிதம் வேணும். நான் அதை வரலாற்றுக்கு வெச்சுக்கணும்.”

“அந்த மாதிரி லெட்டர் எல்லாம் குடுக்க எங்களுக்கு அனுமதி இல்ல சார்.”

“பரவால்ல. இந்தப் பேச்சு பதிவாகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நானும் பதிவுக்காகத்தான் பேசறேன். வேணும்னா ஏற்புரையை இதுலயே ஆற்றிடறேன். விழாவுல எப்படியும் மைக்கை அணைக்கச் சொல்லிட்டாங்க.” எழுந்து நின்றார். செருமினார். “இந்தத் தருணத்திலே...”

வாடிக்கையாளர் வைக்கும்வரை போனை வைக்க அவளுக்கு உரிமையில்லை. குடிநீர் வாரியத்தில் சேர்ந்த நாளையும், ஒரு வால்வைத் தனி ஆளாக நின்று மூடிய கோடையையும் அவள் கேட்டாள். மேலதிகாரி ஒருவர் தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட கட்டத்துக்கு வந்தபோது குக்கர் நாலாவது விசிலைத் தாண்டியிருந்தது. உள்ளே இருந்தது நிச்சயமாகக் குழைந்திருக்கும்.

“சார். சார், அனுப்பிட்டேன் சார். ரத்து அறிவிப்பு உங்க மெயிலுக்கு வந்திருக்கும் பாருங்க. வேற ஏதாவது உதவி வேணுமா சார்? வேணாம்ல சார்?”

வந்திருந்தது. உங்கள் விமானம் எங்களால் ரத்து செய்யப்பட்டது, வருந்துகிறோம். எதிரே முறைத்துக்கொண்டு வந்தவன் பிரேக் போட்டுவிட்டான். அதுவும் ஒரு கேடயத்துக்கு வழிவிடுவதற்காக. மாஸ்டருக்கு எழுந்து ஆடலாம்போல இருந்தது. மனைவி துண்டால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள்.

ஆனால் மெயிலின் அடியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முழுப் பணமும் செலுத்திய கார்டுக்கே திரும்ப வேண்டுமா என்று ஒன்று கேட்டது. வவுச்சரும் தங்கச் சிறகும் வேண்டுமா என்று தங்க நிறத்தில் மற்றொன்று கேட்டது.

மச்சானின் விரல் தங்கத்தின் பக்கம் சாய்ந்தது. “மொட்டைப் பேரா இருந்தாலும் தங்கம் தங்கம்தானே மாப்ள. என்ன சொல்றீங்க?”

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் இந்த முறை துண்டை உதறவில்லை. ‘எல்லாப் பிரேக்கையும் நானே போடுவேனா, இதை நீங்க போடுங்க’ என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு நின்றாள்.

மாஸ்டர் காலைத் தரையில் ஊன்றி வைத்தார். “மச்சான், வண்டி சர்வீசுக்குப் போகல.”

“பின்ன?”

“கண்ணாடிகிட்ட அடகுல கிடக்கு. இந்த டிக்கெட் காசு கட்டத்தான் வெச்சேன். மாசக் கடைசியில பெடலைக் கழட்டி வித்துடுவான். அப்புறம் பள்ளி இல்ல.”

மச்சான் வாயைத் திறந்தார். மாஸ்டரின் நினைவில் முதல் தடவையாக, திறந்த அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வாசலைப் பார்த்தார். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அப்புறம் அவர் செருமினார்.

“இருபது எழுத்துக்குள்ள என்னை அடக்கப் பாக்குறானுங்க மாப்ள” என்றார். “நான் என்ன அதுக்குள்ள அடங்குற ஆளா?”

பணத்தின் கட்டத்தை அழுத்திவிட்டு, ஏதோ பெரிய பதவியைத் துறந்தவர்போலப் போனை மேஜைமேல் வைத்தார்.

மாஸ்டரும் செருமினார். பின்னாலேயே மனைவியும் செருமினாள். செருமல் கேட்டால் விலகும் காலம் அது என்பதால், மூன்று பேரும் பழக்கதோஷத்தில் சட்டென்று ஆளுக்கொரு மூலைக்குப் போய் நின்றுகொண்டார்கள்.

அன்று மாலை பால்கனியில் மச்சான் மறுபடி தோன்றினார். தலைப்பு மட்டும் மாறியிருந்தது. தங்கச் சிறகை உதறித் தள்ளியது எப்படி என்று தெருவுக்கு விளக்கினார். தெரு கைதட்டியது.

பணம் தன் சௌகரியத்துக்கு ஊர்ந்து வந்தது. மாஸ்டர் போனை வைத்துக்கொண்டு தூங்கினார், போனை வைத்துக்கொண்டு குளிக்கப் போய் மனைவியிடம் திட்டு வாங்கினார். மாதம் முடியப்போகும் தறுவாயில், யாரோ பழைய மாணவர் தேர்வில் தேறிய செய்திபோலச் சின்னதாக ஒரு சத்தத்துடன் பணம் வந்து விழுந்தது. ஓட்டமும் நடையுமாகக் கண்ணாடியின் கடைக்குப் போனார்கள்.

கார் இருந்தது. துடைத்துப் பளபளவென்று நின்றது. கண்ணாடி பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினான். உள்ளே இரண்டாவது பிரேக் பெடல் கிடந்தது.

“கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன் மாஸ்டர். மெக்கானிக் கடை திறந்ததும் மாட்டிக்குங்க.”

மறுநாளே மச்சான் சட்டையில் சலவை மடிப்போடு முன்னறைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். “மாமணின்னு ஆயாச்சு. இன்னும் பஸ்ல போனா நல்லாவா இருக்கும்? ஓட்டச் சொல்லிக்குடுங்க மாப்ள. ஃபீஸ் எல்லாம் பின்னாடி கணக்கு பாத்துக்கலாம்.”

“பெடல் மாட்டட்டும் மச்சான்.”

“எனக்கு எதுக்கு ரெண்டு பிரேக்? முப்பத்தஞ்சு வருஷம் ஒரு வாரியத்தையே ஓட்டியிருக்கேன்.”

தெரு காலியாகத்தான் இருந்தது. தெருமுனை வரைக்கும் மட்டும், முதல் கியரில் மட்டும் என்று மாஸ்டர் பலவீனமாக ஒத்துக்கொண்டார். மனைவி தானாகவே வந்து, பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

கார் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டுப் புறப்பட்டது. மச்சான் பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அதில் அவருக்குப் பிடித்த முகம் தெரிந்தது. “இந்தத் தருணத்திலே” என்று அந்த முகத்திடம் ஆரம்பித்தார். ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது, மறு கை எந்த இடத்தில் உயர வேண்டுமோ அந்த இடத்தில் உயர்ந்தது. தெருமுனை நெருங்கியது. அங்கே பழைய பேப்பர் வண்டியை நிறுத்திவிட்டு வண்டிக்காரர் குனிந்து கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

“மச்சான், பிரேக்.”

“என் பொதுவாழ்வின் முதல் படி...”

மாஸ்டரின் கால் ஓங்கி மிதித்தது. காலடியில் வெறும் தரைவிரிப்பு. மறுபடி மிதித்தது. இருபது வருடமாக அங்கேயே இருந்த பெடல், இப்போது மனைவியின் மடியில் பத்திரமாக இருந்தது.

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். “அண்ணே, அந்த வண்டியில மைக் வெச்சிருக்காங்க போலயே.”

கார் வண்டிக்கு ஒரு முழம் முன்னால் அசையாமல் நின்றது. மச்சான் கதவைத் திறந்து இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.